மூன்றாவது நினைவூட்டல்

"பதினொரு பேர் அம்மா. ஒருத்தர்கூட வாயைத் திறக்க மாட்டேங்காங்க" என்றார் தெய்வசிகாமணி.

மடத்தம்மா உலகம்மை உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

சிகாமணிக்கு வயது அறுபத்தொன்று. அம்மாவுக்கு நாற்பத்துநாலுதான். ஆனாலும் மனசு குழம்பிவிட்டால் மனுஷன் இரண்டு பஸ் மாறி இந்த மலையடிவாரத்து மடத்துக்கு வந்துவிடுவார். ஒன்பது வருஷப் பழக்கம். இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது.

"எதுக்கு அவங்க வாயைத் திறக்கணும் அண்ணாச்சி?"

"கிளைவழின்னு ஒரு வலைத்தளம் நடத்துறோம்லா. நம்ம பக்கத்துக் குடும்பங்களோட வம்சாவளி பூரா அதுல ஏத்துறோம். யாரு யார் பிள்ளை, யாரை யாரு கட்டினா, எல்லாம். சம்பளம் கிம்பளம் கிடையாது. ஆசைப்பட்டு வந்த தன்னார்வலருங்கதான். ஆளுக்குச் சில ஊர்னு பிரிச்சுக் கொடுத்திருக்கு. வரும்போது என்ன துள்ளு துள்ளினாங்க! இப்ப கடிதாசி போட்டா கிணத்துல போட்ட கல்லுதான்."

"சரி."

"மத்தவங்களை விடுங்க. பூதலிங்கம் அண்ணாச்சின்னு ஒருத்தர். எழுபத்துநாலு வயசு. ஒன்பது ஊர் அவர் பொறுப்பு. கல்யாண வீடு, துட்டி வீடு ஒண்ணு விடாம சைக்கிள்ல போயி, கேட்டு எழுதிட்டு வந்து, ஒத்த விரலால தட்டி ஆறாயிரம் பேரை ஏத்தியிருக்காரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் நாலு மாசமா ஊமையாட்டம் இருக்காரு."

சிகாமணி செருமிக்கொண்டார்.

"மூணு நினைவூட்டல் அனுப்பணும். அதுக்கும் பதில் இல்லேன்னா ஆளை நீக்கணும். விதி நான் போட்டதுதான். மூணாவதும் போயாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை கெடு. நீக்கினா அந்த ஒன்பது ஊரைத் தொடறதுக்கு நாதி கிடையாது. நீக்கலேன்னா மத்தவன் எவன் நம்மள மதிப்பான்? நீங்களே சொல்லுங்க. நீக்கவா, விடவா?"

"என்ன எழுதினீங்க?"

சிகாமணி ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். நகல் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து நீட்டினார்.

அம்மா வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சிகாமணியை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்ககிட்ட ஒரு பிழை இருக்கு அண்ணாச்சி. திருத்துங்க."

"என்ன பிழை அம்மா?"

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கேட்டது என்ன, கிடைத்தது என்ன! பஸ்ஸில் வரும்போது சிகாமணி தன்னைத் தானே துழாவிப் பார்த்தார். சட்டையைக் கழற்றாமல் உள்ளே போனதா? வெறுங்கையோடு போனதா? மற்ற பத்துப் பேரையும் விட்டுவிட்டுப் பூதலிங்கத்தை மட்டும் தூக்கிப் பேசினதா?

எதுவாக இருந்தாலும் இருக்கட்டும் என்று மறுநாள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்திக்கொண்டு போனார். இடுப்பில் துண்டு. கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். நெற்றி நிறையத் திருநீறு.

அம்மா பழத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

"நேத்தே சொன்னேன். பிழை இன்னும் இருக்கு. திருத்துங்க."

"அம்மா, என்னன்னு ஒரு கோடு காட்டினீங்கன்னா..."

அம்மா கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு சிகாமணி சாப்பிடவில்லை. ஒன்பது வருஷத்தில் மடத்தில் தான் பேசிய பேச்சையெல்லாம் யோசித்து யோசித்து, தப்பு என்று தோன்றியதையெல்லாம் நாலு பக்கத்துக்கு எழுதினார். கார்த்திகைத் தீபத்தன்று சமையல்காரரோடு போட்ட சண்டையைக்கூட விடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் அதைக் கொடுத்தார்.

அம்மா பிரித்தே பார்க்கவில்லை.

"கடைசியா சொல்றேன் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமைக்குள்ள திருத்தலேன்னா இனிமே நீங்க இங்க வரவேண்டாம்."

சிகாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அறுபத்தொரு வயதில் ஒரு மனுஷனை இப்படியா போட்டு வாட்டுவது? எதைச் சரிசெய்யணும் என்று தெரிந்தால் அவர் செய்ய மாட்டாரா?

சனிக்கிழமை மத்தியானம் ஃபோன் அடித்தது. மடம் என்று காட்டியது.

சிகாமணி பார்த்துக்கொண்டே இருந்தார். மணி ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை.

மூன்றாவது தடவை அடித்தபோது அவர் மனைவி வடிவு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்க அம்மாதான கூப்பிடுறாங்க? எடுங்களேன்."

"எடுத்து என்னத்தச் சொல்ல?"

"என்னத்தையாவது சொல்லுங்க. பெரியவங்க கூப்பிடுறாங்க, மரம் மாதிரி உக்காந்திருந்தா திமிர்னுல்லா நினைப்பாங்க."

"திமிரா? எனக்கா?" சிகாமணிக்குக் குரல் உடைந்துவிட்டது. "பிழை பிழைன்னு மூணு நாளா சொல்றாங்களே, என்ன பிழைன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா? நான் எதைன்னு திருத்த? சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்லேன்னா நான் எப்படி வடிவு..."

அதோடு நிறுத்திவிட்டார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் வடிவு.

அவர் பையிலிருந்த மூன்று தாள்களை எடுத்து மேஜைமேல் பரப்பினார்.

'அன்புடையீர், தங்கள் பக்கத்தில் பிழை உள்ளது. திருத்தவும்.'

'முன்பே தெரிவித்துள்ளோம். பிழை இன்னும் உள்ளது. திருத்தவும்.'

'இறுதி அறிவிப்பு. வரும் ஞாயிறுக்குள் திருத்தாவிட்டால் தாங்கள் நீக்கப்படுவீர்கள்.'

ஆறு வருஷம் முன்பு அவரே உட்கார்ந்து எழுதிய வாசகங்கள். அதற்குப் பிறகு அவர் அவற்றைத் தொட்டதில்லை. எந்தப் பக்கத்தில் என்ன தப்பு என்று கணினி கண்டுபிடிக்கும். கடிதத்தையும் அதுவே அனுப்பும். கீழே 'தெய்வசிகாமணி, ஒருங்கிணைப்பாளர்' என்றிருக்கும். தப்பு என்ன என்று அவர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

திறந்தார்.

அது பூதலிங்கத்தின் சொந்தக் குடும்பப் பக்கம். மனைவி பெயர் ஆவுடையம்மாள். அவள் பெயருக்கு எதிரே இறந்த தேதி இருந்தது. நாலு மாசம் முன்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பூதலிங்கம் அந்தத் தேதியைப் போட்டிருக்கிறார். அவர் பக்கத்தைத் தொட்டதும் கணினி அதைப் புதிதாக ஒரு தடவை சரிபார்த்திருக்கிறது. ஆவுடையம்மாள் பெயரைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கட்டம் விழுந்திருக்கிறது.

'பிழை. மனைவியின் தாய், கணவரின் உடன்பிறந்தவர். இப்படி ஓர் உறவு இருக்க முடியாது.'

முதல் நினைவூட்டல் அடுத்த நாள் காலையில் போயிருந்தது.

அக்கா மகளைக் கட்டுவது நம்ம பக்கத்தில் ஊரறிந்த வழக்கம். தாய்மாமன் கல்லுமாதிரி இருக்கும்போது வெளியில் எதற்கு மாப்பிள்ளை தேடணும் என்று கேட்ட காலமெல்லாம் உண்டு. மென்பொருளை எழுதியவன் எந்தச் சீமையிலோ இருக்கிறான், அவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது? சிகாமணிக்குத் தெரியும். அவருடைய சொந்தச் சித்தப்பாவே அக்கா மகளைக் கட்டியவர்தான். போன தையில் இந்தப் புதிய சோதனை வந்தபோது, இனி தப்பே வராது என்று சந்தோஷப்பட்டுச் சேர்த்ததும் அவர்தான்.

மற்ற பத்துப் பேருடைய பக்கங்களையும் திறந்தார். ஏழு பக்கங்களில் அதே சிவப்புக் கட்டம், அதே வாசகம்.

எதையும் எழுத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆறு வருஷத்தில் ஒரு தன்னார்வலரைக்கூட அவர் ஃபோனில் கூப்பிட்டதில்லை. பூதலிங்கத்தின் எண்ணைத் தேடி எடுத்துப் போட்டார்.

இரண்டாவது மணிக்கே பூதலிங்கம் எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, சிகாமணி பேசுறேன். கிளைவழி."

"சொல்லுங்க தம்பி." குரலில் கோபம் எதுவும் இல்லை.

"மதினி தவறினது எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"நான் சொல்லலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கடிதாசி... நான் பாக்காம போயிருச்சு. மன்னிச்சிருங்க. நீங்க ஒரு வரி பதில் போட்டிருந்தா..." சொல்லும்போதே சிகாமணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போடணும்னுதான் உக்காந்தேன் தம்பி. மூணு நாள் உக்காந்தேன். அந்தச் சிவப்புக் கட்டத்துக்குக் கீழ மூணு பொத்தான் இருக்கு, பாத்தீங்களா?"

சிகாமணி பக்கத்தைக் கீழே இறக்கினார். இருந்தன.

"அக்காவை நீக்கவான்னு ஒண்ணு கேக்குது. ஆவுடையை நீக்கவான்னு ஒண்ணு கேக்குது. என்னை நீக்கவான்னு ஒண்ணு கேக்குது. எதை அமுக்கினாலும் பிழை போயிருமாம்."

"அண்ணாச்சி..."

"அக்கா என்னை இடுப்புல வச்சு வளத்தவ தம்பி. ஆவுடை ஐம்பத்திரண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டவ. மிச்சம் நான்தான. ஆனா இத்தனை நாளா என் கையால அமுக்க வரல. கடைசிக் கடிதாசில, ஞாயித்துக்கிழமை நீங்களே என்னை நீக்கிருவீங்கன்னு எழுதியிருந்தீங்க. அதான் பேசாம இருந்தேன்."