நார் பிரிக்காத பதில்

"சாமி, எங்க வீட்டுல ஒரு ரூம் இருக்குதுங்க. அதுக்குள்ள போக எனக்கே எடமில்லீங்க."

சென்னியப்பன் இப்படித்தான் ஆரம்பித்தான். வயது நாற்பது. கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. ஸ்கூட்டரில் வந்தவன், தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டான்.

நொய்யல் ஆற்றோரத்தில் அது ஒரு சின்ன மடம். பூவாத்தாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இவன் வயதுதான் இருக்கும். ஊர்க்காரர்கள் அவரைச் சாமி என்றார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

"அந்த ரூமுல யாரு இருக்கறாங்க?"

"பொம்மைங்க."

"கொலு வெக்கறயா?"

"இல்லீங்க. வீடியோ கேம்ல வர்ற வீரனுங்க, பூதங்க. கேம் கம்பெனியே செஞ்சு விக்கறாங்க."

"கொழந்தைகளுக்கா?"

"எனக்குங்க."

சாமி அந்த ஹெல்மெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, சொல்லு" என்றார்.

"மொதல்ல கேம் மட்டுந்தானுங்க வாங்குனேன். வெல கம்மிதான். வெளையாடிக்கிட்டே போனா ஒரு கோட்டை வருது. கதவு சாத்தியிருக்குது. தெறக்கோணும்னா தனியா காசு கட்டோணும்."

"கோட்டையை வித்தவன் கதவச் சேத்துக் குடுக்கலையா?"

"இல்லீங்க."

"கட்டினயா?"

"கட்டுனேன். உள்ள ஒரு வாள் இருந்துது. அதுக்கு உறை தனி. குதிர தனி. குதிரைக்கு நீலக் கலர் தனி. கேமுக்குக் குடுத்ததப் போல பல மடங்கு இந்தத் தனித்தனிக்கே போயிருச்சுங்க. அப்பறம் அந்தக் குதிரயப் பொம்மையா செஞ்சு கொண்டு வந்தாங்க. என்னோட குதிரயாச்சே, விட முடியுங்களா?"

"காய்க்காரம்மா கடைசியில ஒரு கொத்து கறிவேப்பிலை போடுவாளே, அந்த மாதிரியா?"

"அது கொசுறுங்க. சும்மா குடுக்கறது."

"இது?"

சென்னியப்பன் யோசித்தான்.

"காசு குடுத்து வாங்கற கொசுறுங்க."

சாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப காய் எது?"

"அதத்தான் கேக்கலாம்னு வந்தேனுங்க" என்று சென்னியப்பன் சமாளித்தான். அது பொய். அவன் கேட்க வந்தது வேறு.

அதையும் சொன்னான்.

அவனுடைய மாமனார் குப்பண்ணன் தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மனைவி மேகலை ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு அந்த அறை வேண்டும். இல்லையென்றால் அவளும் அப்பாவும் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"கோவமா சொன்னாளா?"

"இல்லீங்க. துணி மடிச்சுக்கிட்டே சொன்னா. அதுதானுங்க பயமா இருக்குது." அவன் குரல் இறங்கிவிட்டது. "விக்கறதா, வெச்சுக்கறதா? விக்கலாம்னு கையில எடுத்தா மறுபடி அலமாரியிலயே வெச்சர்றேன். வெச்சுக்கலாம்னு நெனச்சா மேகலை மூஞ்சி வந்து நிக்குது. எனக்கு ஒண்ணும் புரியலீங்க. நீங்க பதில் சொல்லுங்க சாமி."

அடுப்பில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. சாமி அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். ஏதோ செய்தார். திரும்பியபோது அவர் கையில் ஒரு சின்ன ஓலைப்பெட்டி இருந்தது. வாழைநாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்.

"இந்தா, பதில்."

சென்னியப்பன் இரண்டு கையாலும் வாங்கினான்.

"சூடா இருக்குதுங்களே!"

"ஆறறதுக்குள்ள பாத்துக்க."

அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடியைப் பார்த்தான். முடிச்சைப் பார்த்தான். மூலை எதுவும் நசுங்கவில்லை.

"இந்த மாதிரி வேற யாருக்காச்சும் குடுத்திருக்கறீங்களா?"

"வர்றவங்களுக்கெல்லாம் குடுப்பேன்."

அவன் முகம் லேசாக வாடியது.

"எல்லாத்துக்கும் இதே வாழைநாருங்களா?"

"எது கெடைக்குதோ அது. முந்தாநேத்து பனைநார்."

வாடிய முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பனைநார்ல கட்டுனது ஒண்ணு கெடைக்குங்களா சாமி? காசு வேணும்னாலும் குடுத்தர்றேன்."

சாமி அவனையே பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பனைநார் தேடினார்.

*

வீட்டில் மேகலை ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, சாமி என்ன சொன்னாங்க?"

"பதில் குடுத்துட்டாங்க மேகலை."

"என்ன பதில்?"

"உள்ள இருக்குது."

அவன் அறைக்குள் பக்கவாட்டில் நுழைந்து, கண்ணாடி அலமாரியில் இரண்டு ஓலைப்பெட்டிகளையும் குதிரைப் பொம்மைக்கு அருகில் வைத்தான். விளக்கைப் போட்டான். அழகாகத்தான் இருந்தது.

"பிரிச்சுப் பாருங்க."

"பிரிச்சா நார் போயிரும்."

மேகலை பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். அது இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள். அவள் ஒரு சண்டை போட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

*

மறுநாள் அவன் மடத்துக்குப் போனான்.

"சாமி, முழு செட்டுன்னா மொத்தம் எத்தனைங்க?"

"எந்த செட்டு?"

"பதிலுங்க."

"மொதல் பெட்டியில என்ன இருந்துச்சு?"

"பிரிக்கலீங்க."

"ரெண்டாவதுல?"

"அதுவுங் கட்டுனபடியே இருக்குதுங்க. ஒரு நார் நகரல." பெருமையாகத்தான் சொன்னான்.

"எதுக்குப் பிரிக்கல?"

"பிரிச்சா மதிப்புப் போயிருமுங்க. பெட்டியோட இருந்தாத்தான் நாளைக்கு வாங்கறவங்க நல்ல வெல குடுப்பாங்க."

"விக்கப் போறயா?"

"ஐயோ, இல்லீங்க! இத எப்பிடி விப்பேன்?"

சாமி அவனைப் பார்த்தார். அவன் சாமியைப் பார்த்தான். சொன்னதில் எங்கோ ஒரு கோளாறு இருப்பது அவனுக்கே தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

"வீட்டுக்குப் போ" என்றார் சாமி.

"மூணாவது..."

"போ."

*

வியாழக்கிழமை காலை எறும்பு வந்தது.

ஜன்னலில் தொடங்கிச் சுவரில் இறங்கி அலமாரிக்குள் போகும் வரிசையைப் பார்த்ததும் சென்னியப்பன் ஓடிப்போய் அலமாரியைத் திறந்தான். ஓலைப்பெட்டிகளை வெளியே எடுத்தான். நார் இருந்தது. முடிச்சும் இருந்தது. ஓலையின் இடுக்கெல்லாம் எறும்பு.

நாரைப் பிய்த்துத் திறந்தான். வெல்ல வாசனை மூக்கில் ஏறியது. எண்ணெயில் சுட்ட இனிப்புப் பலகாரம், கச்சாயம். தின்றது போக மேல் தோல் மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டாவது பெட்டியில் அதுவும் இல்லை.

எறும்புகள் அதோடு நிற்கவில்லை. வந்த இடம் பிடித்துப்போய், பொம்மைப் பெட்டிகளுக்குள்ளும் நுழைந்திருந்தன. அட்டை மடிப்பில் முட்டை. பிளாஸ்டிக் ஜன்னலுக்குப் பின்னால், அவன் இத்தனை வருடம் விரல் படாமல் காத்த வீரன் ஒருவனின் மூக்கு மேல் ஒரு எறும்பு சாவகாசமாக நடந்துபோனது.

அவன் கத்தரிக்கோலை எடுத்தான். முதல் பெட்டியின் டேப்பை வெட்டும்போது அழுதேவிட்டான். ஆமாம், பொம்மைப் பெட்டிக்காகத்தான் அழுதான். அந்தப் பெட்டிக்குக் கொடுத்தது ஒரு மாத வீட்டு வாடகை.

வீரன் வெளியே வந்தான். நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தான். முதுகில் ஒரு சிவப்புத் துணி தொங்கியது. அந்த முதுகை அவன் இன்றுதான் பார்க்கிறான். துணியைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே நிஜமான தையல்.

"அட!" என்றான்.

பிறகு அடுத்த பெட்டி. அதற்கடுத்தது. மத்தியானத்துக்குள் எல்லாப் பொம்மைகளும் கூடத்தில் நின்றன, டிவி மேல், செருப்பு ஸ்டாண்டு மேல், மிக்ஸிக்குப் பக்கத்தில். அட்டையெல்லாம் வாசலில் குவிந்து கிடந்தது. அறையைக் கழுவிவிட்டு எறும்பு மருந்து போட்டான். அவனுக்கு அந்தச் சமயத்தில் வேறு எந்த யோசனையும் இல்லை.

*

வெள்ளிக்கிழமை விடிந்ததும் காலி ஓலைப்பெட்டிகளை எடுத்துக்கொண்டு மடத்துக்கு ஓடினான்.

"சாமி! பதில எறும்பு தின்னுபோட்டுதுங்க!"

சாமி சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எறும்புக்குப் புரிஞ்சிருக்கும்."

"எனக்குப் புரியலீங்களே!" அவன் நிஜமாகவே கத்தினான். "இன்னைக்கு மாமா வந்தர்றாரு. மேகலை ஆஸ்பத்திரியில இருக்கறா. நேத்தெல்லாம் எங்கூடப் பேசல. விக்கறதா, வெச்சுக்கறதா, இன்னும் எனக்கு ஒண்ணும் முடிவாகல. பெட்டி எல்லாம் போச்சு. இனி வித்தாலும் வெல வராது. வெச்சுக்கறதுக்கும் ரூமில்ல..."

"ரூமுல இப்ப என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. எறும்பு மருந்து போடறதுக்காக எல்லாத்தையும் எடுத்து வெளிய..."

அவன் நிறுத்தினான்.

சாமி ஒரு கச்சாயத்தை எண்ணெய் வடித்து எடுத்தார்.

"கையை நீட்டு."

நீட்டினான். சாமி அதை அப்படியே அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் துள்ளினான். கை மாற்றினான். ஊதினான்.

"சாமி, சுடுது! ஒரு பெட்டி குடுங்க. ஒரு எலையாச்சும் குடுங்க!"

"பொட்டலம் போட்டா நீ பிரிக்க மாட்டே. போ, ஆறறதுக்குள்ள போ."

*

இரண்டு கையும் குவித்திருந்ததால் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. அதை மடத்து வாசலிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினான். டிக்கெட்டுக்குக் காசு எடுக்கக் கை இல்லை. கண்டக்டர்தான் அவன் சட்டைப் பையில் விரல் விட்டு எடுத்துக்கொண்டார்.

பேன்ட் பையில் போன் சிணுங்கியது. மறுபடி சிணுங்கியது.

"ஏனுங்க, போனு அடிக்குது. எடுத்துக் காதுல வெக்கட்டுங்களா?" என்றார் கண்டக்டர்.

அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். கேம்தான் கூப்பிடுகிறது. புதுக் கோட்டை, புதுக் கதவு, இன்று மட்டும் பாதி விலை. கை பரபரத்தது. கையில் கச்சாயம் இருந்தது.

"வேண்டாங்க" என்றான். "கை எண்ணெய்யா இருக்குது."

*

வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

கூடத்தில் பொம்மைகள் நின்ற இடத்தில் நின்றன. ஒரு பூதத்தின் கொம்பில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைத்த பை மாட்டியிருந்தது. குதிரை மேல் மாத்திரை அட்டை. அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே கட்டில் போட்டிருந்தது. குப்பண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார். மேகலை அவர் காலுக்குப் போர்வை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் நேராகவே நடந்து உள்ளே போனான்.

மேகலை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க மாப்ள, கையில என்னங்க?" என்றார் குப்பண்ணன்.

"பதிலுங்க மாமா. சாமி குடுத்தாங்க."

"பதிலா? என்ன கேட்டீங்க?"

சொல்வதற்காகச் சென்னியப்பன் வாயைத் திறந்தான்.

மேகலை கச்சாயத்தை இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியை அப்பாவின் கையில் கொடுத்தாள். இன்னொரு பாதியைத் திறந்திருந்த அந்த வாயில் வைத்தாள்.