முள்ளெலி மேல் விழுந்த பால் பழி

இங்கிலாந்தில் ஒரு காட்டை ஒட்டி ஒரு பண்ணை இருந்தது. சில நூறு வருடங்களுக்கு முந்தைய சங்கதி இது, பிள்ளைகளே.

அந்தக் காலத்து ஆங்கிலேயக் குடியானவர்களுக்கு ஒரு விசித்திரமான நம்பிக்கை. மாடு படுத்திருக்கும்போது முள்ளெலி வந்து மடியில் வாய் வைத்துப் பாலைக் குடித்துவிடுமாம்! அதனால் முள்ளெலியைக் கண்டால் போதும், மண்வெட்டியோடு விரட்டுவார்கள்.

பண்ணைக்காரி ஆக்னஸ் வெண்ணெய் கடைந்து சந்தையில் விற்பவள். அவளிடம் இருந்த பசுவின் பாலைக் கன்று குடித்தால் வெண்ணெய்க்குப் பால் ஏது? அதனால் கன்றைப் புதர்வேலிக்கு அந்தப் பக்கம் அடைத்து, கஞ்சி ஊற்றி வளர்த்தாள். அப்படியும் ஒரு வாரமாகக் காலையில் பசுவின் மடி வற்றிக் கிடந்தது.

"எல்லாம் முள்ளெலி வேலை! நாளைக்கும் பால் இல்லையென்றால் இந்த வேலியையே கொளுத்திவிடுவேன்" என்று அவள் கத்தினாள்.

புதருக்குள் இருந்த தாய் முள்ளெலியின் காதில் இது விழுந்தது. கண் திறக்காத அதன் குட்டிகள் அங்கேதான் கிடந்தன. தூக்கிக்கொண்டு ஓடலாம்தான். எங்கே ஓடுவது? அடுத்த பண்ணையிலும் இதே பழிதானே!

"ஓடமாட்டேன். நான் திருடவில்லை என்று காட்டிவிட்டுத்தான் மறுவேலை" என்றது அது.

மறுநாள் விடிந்ததும், படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த பசுவிடம் நேரே போனது. காவல் நாய் பாய்ந்து வந்து மறித்தது.

"நாயண்ணா, நான் பால் குடிப்பதை ஒரு தடவை பார். அப்புறம் என்னை என்ன செய்தாலும் சரி."

"அடடா! திருடியே திருடிக் காட்டுகிறாளாம்!" என்று வம்புக்கார வாத்து கெக்கலித்தது.

பசு மட்டும் சிரிக்கவில்லை. "வேண்டாம், போய்விடு" என்று முணுமுணுத்தது.

முள்ளெலியா கேட்கும்? ஒற்றைக் காலில் நின்றது. மூக்கை நீட்டி மடிக்கு அடியில் நுழைந்தது. முள் குத்தியதுதான் தாமதம், "அம்மாஆஆ!" என்று பசு அலறிக்கொண்டு துள்ளி எழுந்தது.

"பார்த்தாயா அண்ணா? நான் தினமும் குடித்திருந்தால் தினமும் இந்தச் சத்தம் கேட்டிருக்குமே! கேட்டதா?"

நாய் காதைத் தொங்கப் போட்டது. "இல்லையே."

"அப்படியானால் சத்தமே போடாமல் இவள் யாருக்குப் பால் கொடுத்தாள்?"

பசு திருதிருவென்று விழித்தது. அதற்குள் அலறல் கேட்டு ஆக்னஸ் மண்வெட்டியோடு ஓடி வந்துவிட்டாள். பசுவின் காலடியில் முள்ளெலி! "அகப்பட்டாயா!" என்று மண்வெட்டியை ஓங்கினாள். நாய் குறுக்கே பாய்ந்து நின்று குரைத்தது. முள்ளெலியும் ஓர் அடி நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து வேலி இடுக்கு சலசலத்தது. அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்து, கன்று முட்டிக்கொண்டு உள்ளே வந்தது. யாரையும் பார்க்கவில்லை. பழகிய வழியாக நேரே மடிக்குப் போய்ச் சப்புக் கொட்டிக் குடிக்க ஆரம்பித்தது. பசு அசையாமல் நின்றது.

கையும் களவுமாகப் பிடிபட்ட கன்றைப் பார்த்து ஆக்னஸ் மண்வெட்டியைக் கீழே போட்டாள். கன்றை இழுத்துப் போய்க் கட்டினாள். வேலி இடுக்கை முள் வைத்து அடைத்தாள். கொளுத்துகிற பேச்சையே எடுக்கவில்லை.

பசு தலையைக் குனிந்துகொண்டது. "என் பிள்ளைக்குப் பசித்தது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை" என்றது.

"உன் பிள்ளை குடிக்கட்டும், நான் வேண்டாமென்றா சொன்னேன்?" என்று கேட்டது முள்ளெலி. "அதற்காக என் பிள்ளைகள் நெருப்பில் வேகவேண்டுமா?"

கேட்டுவிட்டு முள்ளெலி தன் குட்டிகளிடம் திரும்பிப் போனது.

நீதி: நாம் செய்ததற்கு இன்னொருவர் பழி சுமக்கும்போது வாய் மூடியிருப்பதும் பொய் சொல்வதுதான்.