முள்ளம்பன்றி தைத்த இலை

காட்டுக் குளத்தங்கரையில் ஒரு மருத மரம் நின்றது. ஞாயிறுதோறும் விலங்குகளும் பறவைகளும் அதன் அடியில் கூடிப் பாடும், ஜெபிக்கும். வரும்போது ஒவ்வொன்றும் ஒரு பிடி தீனி கொண்டுவந்து கூடையில் போடும். அது இல்லாதவர்களுக்கு.

சபையை நடத்துவது கொக்கு. நல்ல கொக்குதான். ஆனால் எதையும் ஊருக்கே கேட்கும்படி செய்யாவிட்டால் அதற்குச் செய்த மாதிரியே இருக்காது!

"முள்ளம்பன்றி! எழுந்து முன்னால வாப்பா!" என்று கூப்பிடும்.

கண்ணியில் சிக்கிக் கால் ஒடிந்ததிலிருந்து முள்ளம்பன்றியால் கிழங்கு தோண்ட முடியவில்லை. அது நொண்டி நொண்டி வரும். எல்லாம் கைதட்டும். கூடையிலிருந்து கட்டிக் கொடுக்கும் தீனிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடியே போகும்.

ஒரு ஞாயிறு அது வரவில்லை. மறு ஞாயிறும் வரவில்லை. முயல் பதறிப்போய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அதன் வளைக்கு ஓடியது. முள்ளம்பன்றி வயிறு ஒட்டிக் கிடந்தது.

"என்னண்ணே இது! ஏன் வரலை?"

"பசியைத் தாங்கிக்கலாம் தங்கச்சி. அந்தக் கைதட்டலைத் தாங்க முடியலை. வர்ற ஞாயிறு சபையில எல்லாரும் கூடிச் சாப்பிடுற அசன விருந்து வேற. ஆளாளுக்கு ஏதாவது கொண்டுவருவாங்க. நான் வெறுங்கையோட வந்து உட்காரணுமா?"

முயலுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்தபோதுதான் வளை முழுக்க உதிர்ந்து கிடந்த முட்களைப் பார்த்தது.

"அண்ணே! விருந்துக்கு இலை தைக்கிறது என் பொறுப்பு. ஈர்க்கு எடுக்கத் தென்னந்தோப்புக்குப் போகணும். ஆத்துல வெள்ளம்! என்ன செய்யிறதுன்னு முழிச்சுக்கிட்டிருக்கேன். இந்த முள்ளைத் தருவீங்களா?"

"குப்பையில கிடக்கிற இதையா?"

"இது இல்லேன்னா அன்னைக்கு எல்லாரும் மண்ணுலதான் சாப்பிடணும்!"

முள்ளம்பன்றி எழுந்து உட்கார்ந்தது. "நானே தைச்சுத் தர்றேன்! முதல்ல அந்தப் பொட்டலத்தை இப்படிக் கொடு. தெம்பு வேணும்ல!"

ஞாயிறு வந்தது. பந்தியில் நூறு இலைகள். கொக்கு தன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அடடா, என்ன தையல்! யாருப்பா தைச்சது? எழுந்து முன்னால..."

முயல் அதன் இறக்கையைப் பிடித்து இழுத்தது. "ஐயா, அவர் சாப்பிடட்டும், விடுங்க!"

பந்தியின் நடுவில் முள்ளம்பன்றி தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. "இங்க இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்துங்கப்பா!" என்று உரிமையோடு கேட்டது.

கொக்குக்கு அப்போதுதான் உறைத்தது. சாம்பார் ஊற்றக் கரண்டியைத் தானே எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அது யாரையும் பெயர் சொல்லி முன்னால் கூப்பிடவில்லை.

ஒருவருக்கு உதவும்போது அவரைத் தலைகுனிய வைக்காமல், அவரும் நமக்குக் கொடுக்க ஓர் இடம் விட வேண்டும்.