சோம்பேறிச் சோணை போட்ட கம்பு

ஒரே ஒரு ஊருல சோணைன்னு ஒருத்தன் இருந்தானாம். சோம்பேறின்னா அப்படியொரு சோம்பேறி. கொசு கடிச்சாக்கூட அடுத்தவன் வந்து அடிக்கட்டும்னு கெடப்பான்.

அந்த நாட்டு ராசாவுக்கு நெல்லுச் சோறுன்னா உசுரு. அதனால, "எல்லாரும் நெல்லுதான் போடணும், மீறுனா தலை போயிரும்"னு தண்டோராப் போட்டுட்டாரு. ஊரே வயலை உழுது, வரப்புக் கட்டி, நாத்து விட்டுச்சு. சோணைக்கு அதை நெனைச்சாலே இடுப்பு வலிச்சுது. மழைச் சத்தத்துல எப்ப முழிப்பு வருதோ, அப்ப எந்திரிச்சு நாலு கை கம்பு வெதையை வீசிட்டு மறுபடி படுத்துக்குவான்.

மொத வருசம் ஆடி மழை ஐப்பசியிலதான் வந்துச்சு, நாத்து காஞ்சுபோச்சு. மறுவருசம் நெல்லு பூக்குறப்பக் கொட்டித் தீத்துச்சு, பூராவும் பதரு. அதுக்கடுத்த வருசம் ராத்திரியிலகூட அனல் அடங்கல, கதிரு பால் பிடிக்கல. ஒவ்வொரு தடவையும் ராசா, "என்னய்யா, வானம் மாறிப்போச்சா?"ன்னு கேப்பாரு. மந்திரி, "மாறல மகாராசா, சனங்கதான் ஒழைக்கல"ம்பாரு. ஏன் அப்படிச் சொன்னாருங்கிறே? மலைக்காட்டை வெட்டி எரிச்சு வானத்தைக் கெடுத்ததே அவருதானே!

ஊருல பிள்ளைங்க பசியில அழுவுதுங்க. சோணை வீட்டுல மட்டும் வெளைஞ்ச கம்புல கூழு கொதிக்குது, ஊரே சட்டியோட வந்து வாங்கிக் குடிக்குது. சேதி எட்டி, ராசாவும் மந்திரியும் வந்துட்டாங்க.

"தலையை வெட்டுங்க!"ன்னாரு மந்திரி.

ஊருக்காரங்க குறுக்க விழுந்து, "சாமி, வானம் மாறும்னு முன்னாடியே கண்டுபிடிச்ச அறிவாளி இவன்!"னாங்க.

சோணையால சிரிப்பை அடக்க முடியல. "ஏன் சாமி பொய் சொல்லணும்? எனக்கு இன்னைக்கு என்ன கெழமைன்னே தெரியாது. நெல்லுக்கு ஒழைக்கணும், கம்பு என்னைத் தொந்தரவு பண்ணாது. அம்புட்டுத்தான்!"

ராசா ஒரு வாய் கூழு குடிச்சாரு. குடிச்சுட்டு, "அட மடையன் நானு! நீ படுத்துக்கிட்டே ஊருக்குக் கஞ்சி ஊத்துனே. நான் ராப்பகலா உத்தரவு போட்டு ஊரைப் பட்டினி போட்டேனே!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு.

அப்புறம் மந்திரி பக்கம் திரும்புனாரு. "வானம் மாறலையில்ல? ஏறுய்யா பரணுல, கம்பங்காட்டுல குருவி வெரட்டு!"

மந்திரி ஏறுனாரு. உச்சி வெயிலு. குருவிகூட நெழலுக்குப் போயிருச்சு. தலைப்பாகையை அவுத்தாரு, சட்டையை அவுத்தாரு, கடைசியில, "மாறிப்போச்சு மகாராசா! மாறிப்போச்சு!"ன்னு அலறுனாரு.

"அப்பக் கீழ எறங்கி, வெட்டுன காட்டையெல்லாம் நட்டுட்டு வா"ன்னாரு ராசா.

இன்னும் குழி தோண்டிக்கிட்டுத்தான் இருக்காராம். தப்பை அடுத்தவன் தலையில தள்ளி விட்டவன் கையில மம்பட்டி, ஒத்துக்கிட்டவன் கையில கூழு. கதை வத்திப்போச்சு, கண்ணை மூடு.