ஆமை வைத்த இரண்டு கூழாங்கற்கள்

குன்றுக்கும் குளத்துக்கும் நடுவே இருந்த காட்டில் மூக்காயி என்ற மூஞ்சூறு வாழ்ந்தது. அதற்கு நான்கு குட்டிகள். மூஞ்சூறுக் குட்டிகள் எங்கே போனாலும் வரிசையாகத்தான் போகும். முதல் குட்டி தாயின் வாலடியைக் கவ்வும். இரண்டாவது, முதல் குட்டியின் வாலடியைக் கவ்வும். இப்படியே கடைசிவரை.

போன வருஷம் நிலம் ஆடியபோது மூக்காயி குளக்கரையில் குடியிருந்தது. கரை சரிந்தது. மண்ணைக் கிளறி வெளியே வந்து திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒரு குட்டியும் இல்லை. இப்போதிருக்கும் நான்கும் அதற்குப் பிறகு பிறந்தவை.

இந்த வருஷமும் நிலம் உறுமத் தொடங்கியது. மூக்காயி எல்லோரையும் கூப்பிட்டது.

"எப்போ ஆடும்னு என்னால சொல்ல முடியாது. எங்கே அதிகமா ஆடும்னு கண்டுபிடிக்கலாம். கெட்டித் தரையில அதிர்வு விறுவிறுன்னு ஓடும். தொளதொள மண்ணில தள்ளாடி வரும். மெதுவா வர்ற இடத்திலதான் ஆட்டம் பெருசா இருக்கும். எனக்கு என் வளைக்குக் கீழே இருக்கிறது மட்டும்தான் தெரியும். ஆளுக்கொரு பக்கம் கேட்டுச் சொன்னா, காட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு முழுசாத் தெரிஞ்சுடும். எல்லாக் குட்டிகளையும் நல்ல இடத்துக்குக் கொண்டுபோயிடலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். காட்டுப்பன்றி நடுத்திடலில் நின்று குதிக்க வேண்டும். அது குதிக்கும் நொடியில் மரத்தின் மேலிருக்கும் மந்தி வாலைத் தாழ்த்தும். திடலிலிருந்து ஒரே தூரத்தில் மூன்று பேர் தரையில் வயிற்றை வைத்துப் படுத்திருப்பார்கள். குன்றில் முயல், செம்மண் மேட்டில் உடும்பு, குளக்கரையில் ஆமை. வால் தாழ்ந்ததும் எண்ணத் தொடங்கி, அதிர்வு வந்து சேர்ந்ததும் நிறுத்த வேண்டும். எத்தனை எண்ணினார்களோ அத்தனை கூழாங்கல்லைப் பாறையில் வைக்க வேண்டும்.

பன்றி குதித்தது. மந்தி வாலைத் தாழ்த்தியது.

முயல் எட்டுக் கல் வைத்தது. உடும்பு நாலு. ஆமை நிதானமாக வந்து இரண்டே கல் வைத்துவிட்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தது.

"எங்க கரையிலதான் வேகம். நான் எப்பவும் சொல்றதுதான், யாரு கேட்டீங்க?"

முயலுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப எங்க குன்றுதான் மோசமா? குட்டிகளைத் தூக்கிக்கிட்டு இப்பவே கரைக்குப் போறேன்."

மூக்காயி வழியை மறித்தது. "நில்லு தங்கச்சி. போன வருஷம் சரிஞ்சது கரைதான். குன்றில ஒரு கல்லுகூட உருளலை. இதுல எங்கேயோ தப்பு இருக்கு. ஆமையண்ணே, நீங்க எதை எண்ணினீங்க?"

"என் நெஞ்சுத் துடிப்பைத்தான். வேற எதை எண்ணுவாங்க?"

"நீ, முயலு?"

"நானும் என் நெஞ்சைத்தான் எண்ணினேன். பயத்தில படபடன்னு அடிச்சுது."

மூக்காயி முன்னங்காலால் தலையில் அடித்துக்கொண்டது. "அட கடவுளே. அண்ணே, உங்க நெஞ்சு ஒரு தடவை துடிக்கிறதுக்குள்ள இவ நெஞ்சு இருபது தடவை துடிச்சிடுமே. உங்க இரண்டும் இவ எட்டும் எப்படி ஒண்ணாகும்?"

"என் நெஞ்சுக்கு என்ன குறைச்சல்?" என்றது ஆமை. "நூறு வருஷமா நிற்காம ஓடுது. எல்லாரும் என் கணக்கிலேயே எண்ணுங்க."

"அதெப்படி?" என்று சீறியது உடும்பு. "நடுவில இருக்கிறது என் துடிப்பு. அதுதான் நியாயம்."

"என்னுதுதான் சுறுசுறுப்பு," என்றது முயல், அழுகையை மறந்து.

நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். யார் நெஞ்சு உசத்தி என்பதே பேச்சாகிவிட்டது. உச்சிவெயில் ஏறியது. காலுக்கடியில் நிலம் இன்னொரு முறை உறுமியது. அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. மூக்காயியின் குட்டிகள் ஒன்றன் வாலை ஒன்று இன்னும் இறுகக் கவ்விக்கொண்டன.

"இன்னொரு தடவை குதிக்கச் சொன்னா என் இடுப்பு கழண்டுடும். இப்பவே சொல்லிட்டேன்," என்றது பன்றி.

"முதல்ல அந்தக் கொத்தலை நிறுத்தச் சொல்லுங்க," என்று எரிந்து விழுந்தது ஆமை. "காலையிலேர்ந்து டொக் டொக்னு காதைத் துளைக்குது. மனுஷன் பேசவே முடியலை."

"நீங்க மனுஷன் இல்லையே அண்ணே," என்றது மேலிருந்து மந்தி.

மூக்காயி சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தது. பட்டமரத்தில் மரங்கொத்தி ஒன்று, இவர்கள் சண்டையைச் சட்டைசெய்யாமல், ஒரே சீராகக் கொத்திக்கொண்டிருந்தது.

"அது எல்லாருக்கும் கேட்குதா? குன்றில? கரையில?"

"செவிடனுக்கும் கேட்குமே," என்றது மந்தி.

"அப்ப யார் நெஞ்சும் வேண்டாம். அந்தக் கொத்தலை எண்ணுங்க. மாமா, உங்க காலைப் பிடிக்கிறேன், ஒரே ஒரு தடவை குதிங்க."

பன்றி முனகிக்கொண்டே குதித்தது. இந்தத் தடவை முயல் இரண்டு கல் வைத்தது. உடும்பு ஐந்து. ஆமை பதினொரு கல்லைப் பாறையில் அடுக்க வெகுநேரம் பிடித்தது. அடுக்கி முடித்ததும் அது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பறவை சொல்லி என் கரை கெட்டுப்போகாது," என்று சொல்லிவிட்டுக் குளத்துக்குத் திரும்பி நடந்தது. மூக்காயி பின்னாலேயே ஓடிக் கெஞ்சிப் பார்த்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. ஓட்டோடு பேசி என்ன பயன்? மூக்காயி திரும்பி வந்து, தன் குட்டிகளோடு மற்றக் குட்டிகளையும் குன்றுக்கு அழைத்துப் போனது.

மூன்றாம் நாள் காலையில் நிலம் ஆடியது. குன்றில் சருகுகள் சலசலத்தன. முயல்குட்டி ஒன்று தும்மியது. அவ்வளவுதான். செம்மண் மேட்டில் இரண்டு புற்றுகள் இடிந்தன. குளக்கரையோ கூழாகக் கலங்கித் தண்ணீருக்குள் சரிந்தது.

ஆட்டம் நின்றதும் மூக்காயி முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வரிசை அறுபடவில்லை.

பிறகு எல்லோரும் கரைக்கு இறங்கினார்கள். சேற்றின் நடுவே ஆமை மல்லாந்து கிடந்து, நான்கு காலையும் ஆட்டிக்கொண்டிருந்தது. பன்றி மூக்கால் நெம்பி அதைப் புரட்டிப் போட்டது.

"எவ்வளவு நேரமா இப்படிக் கிடக்கிறீங்க அண்ணே?" என்று கேட்டது உடும்பு.

ஆமை வாயிலிருந்த சேற்றைத் துப்பியது. மெதுவாகத் தலையைத் தூக்கி மூக்காயியைப் பார்த்தது.

"மரங்கொத்திக் கணக்கில சொல்லட்டுமா," என்றது, "என் கணக்கில சொல்லட்டுமா?"

பலர் சேர்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அவரவர் அளவைக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவை முதலில் ஏற்க வேண்டும்.