கருங்கல் தூணில் ஒரு யானை

ரொம்ப காலத்துக்கு முன்னால் வெள்ளாற்றூர் என்ற தேசத்தை மருதவாணன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். மனசு நல்ல மனசுதான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி.

எதிரி படை வரப்போகிறது என்று சேதி வந்ததும், கோட்டைச் சுவரை அவசரமாகக் கட்டினார்கள். மந்திரி நல்லசாத்தனின் பேச்சுக்கு ராஜா தலையாட்டுவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த தளபதி உக்கிரமூர்த்தி, இந்தச் சமயம் பார்த்து ஒரு யோசனை சொன்னான்.

"மகாராஜா, ஜனங்கள் வேலை நேரத்தில் பாடுகிறார்கள், படம் போடுகிறார்கள். பயனில்லாத காரியம் செய்கிற விரலை வெட்டிவிட வேண்டும்!"

மந்திரி வேண்டாம் என்றான். ராஜா கேட்கவில்லை. தண்டோரா போட்டாகிவிட்டது.

மூன்றாம் நாளே ஒருத்தி பிடிபட்டாள். பொன்னரும்பு என்று பெயர். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறவள். ஈரப் பூச்சில் ஆள்காட்டி விரலால் ஓர் ஆணின் முகத்தை வரைந்திருந்தாள். விரல் போனால் பூச்சு வேலைக்கான கரணையைப் பிடிக்க முடியாது. அப்புறம் அவளுக்குச் சோறு ஏது?

"ஏன் வரைந்தாய்?" என்று ராஜா சபையில் அதட்டினான்.

"தெரியலைங்க சாமி. கை பாட்டுக்குப் போச்சு. எம் புருஷன் சாரத்துலேருந்து விழுந்து செத்து ஒரு வருஷமாச்சு. முகம் மறந்துடுமோன்னு பயமா இருந்துச்சுங்க."

"பயத்தால் எதிரி நின்றுவிடுவானா?" என்று தளபதி சிரித்தான்.

மந்திரி எழுந்தான். "வெட்டுவதற்குமுன் ஒரு நாழிகை பேச அனுமதி வேண்டும்."

ராஜா சம்மதித்தான். நாழிகை வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். அடியில் ஊசித்துளை உள்ள கிண்ணம் அது. நிறைந்து மூழ்கினால் நாழிகை முடிந்தது. அரிவாளோடு ஒருவன் பொன்னரும்பின் பக்கத்தில் வந்து நின்றான்.

மந்திரி என்ன பேசினான் தெரியுமா? போர்ச் செய்தி! போன போரில் ஆற்றைக் கடந்தது, வெள்ளம் வந்தது, ராஜாவின் பட்டத்து யானை சொக்கன் அவனைக் கரை சேர்த்துவிட்டுத் தான் முங்கிப்போனது. பேசிக்கொண்டே வெற்றிலை மடித்து மடித்துக் கொடுத்தான், சுண்ணாம்பைத் தாராளமாக வைத்து. வெற்றிலை போட்டு மீந்த சுண்ணாம்பைத் தூணில் துடைப்பது அந்த ஊர்ப் பழக்கம். ராஜாவின் கையும் சிம்மாசனத்தை ஒட்டியிருந்த கருங்கல் தூணுக்குப் போய்ப் போய் வந்தது.

வட்டில் விளிம்புவரை இறங்கிவிட்டது. பொன்னரும்பு கண்ணை மூடிக்கொண்டாள்.

"மகாராஜா! இன்னொரு குற்றம்! இந்தச் சபையிலேயே!" என்று மந்திரி கத்தினான்.

எல்லாரும் தூணைப் பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று ஒரு யானை. தூக்கிய தும்பிக்கை, கிழிந்த இடது காது.

தளபதி துள்ளிக் குதித்தான். "எவன் செய்தது? ஒரு விரல் போதாது, கையையே வெட்ட வேண்டும்! எந்தப் பெரிய மனிதனானாலும் விடக் கூடாது!"

ராஜா மெல்லத் தன் விரலை மடக்கினான். மடக்கியும் சுண்ணாம்பு தெரிந்தது. தளபதியின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. அரிவாள்காரன், இப்போது யாரிடம் போவது என்று தெரியாமல் விழித்தான்.

வட்டில் மூழ்கியது.

"எதற்காக வரைந்தீர்கள், மகாராஜா?" என்றான் மந்திரி.

"தெரியவில்லையே... கை பாட்டுக்குப் போயிருக்கிறது. சொக்கனின் காது எப்படிக் கிழிந்திருந்தது என்று மறந்துவிடுமோ என்று..." என்றான் ராஜா. சற்றுமுன் பொன்னரும்பு சொன்னதும் இதே பதில்தான்.

சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தான். "அம்மா, உன் புருஷன் முகத்தை முடித்துவிட்டாயா?"

"கண்ணு மட்டும் பாக்கிங்க."

"ஓடு. பூச்சு காய்வதற்குள் முடி. இந்தக் கட்டளையும் இன்றோடு தொலைந்தது. தளபதி, சுவர் முடியும்வரை அவளுக்குச் சுண்ணாம்புச் சட்டியை நீதான் சுமக்க வேண்டும்!"

மந்திரிக்கு ராஜா தன் கழுத்து முத்துமாலையைப் போட்டான். தூணைக் கழுவக் கூடாது என்றும் சொன்னான்.

தளபதி இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டே சட்டி சுமந்தான். மூன்றாம் நாள், யாரும் பக்கத்தில் இல்லாதபோது பொன்னரும்பிடம் வந்து நின்றான்.

"இங்கே கொஞ்சம் இடம் இருக்குமா? எங்கம்மா முகம்... பாதிதான் ஞாபகம் இருக்கிறது."

அவள் கரணையைக் கழுவி வைத்துவிட்டு, ஈரச் சுவரில் அவனுக்கு இடம் விட்டு ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"ஞாபகம் இருக்கறதை முதல்ல போடுங்க ஐயா," என்றாள்.