அழைப்பு மணி

தமயந்தி இருபத்தாறு வருடம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜினாமாக் கடிதத்தோடு மலையடிவார மடத்துக்கு வந்தாள். அவளுடைய குரு நிர்மலை அம்மை, அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்.

"வேலையை விட்டுவிடலாமா, அம்மா?"

சம்பளம் போதவில்லையா, வேலை அதிகமா என்று குரு கேட்டாள். இரண்டும் இல்லை. ஏரிப் புறம்போக்கைத் தனியார் பட்டா நிலம் என்று குறிப்பு எழுதும்படி புது அதிகாரி சொன்னார். அவள் மறுத்தாள். அன்றிலிருந்து மணியடித்துக் கூப்பிடுவதும் எல்லோர் காதிலும் விழத் திட்டுவதும் வழக்கமாயிற்று. போன வாரம் அவர் கத்தவில்லை. "உங்க பொறுப்பில இருக்கிற ஃபைல் ஒண்ணு காணாமப் போனா என்ன ஆகும், யோசிச்சீங்களா?" என்று மெல்லக் கேட்டார். அதற்குப் பிறகு வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் அவள் எழுந்து நின்றுவிடுகிறாள்.

மறுநாள் குரு அலுவலகத்துக்கு வந்து, எழுத்தர்கள் அறையில் மனு கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

பதினொரு மணிக்கு அதிகாரியின் அறையிலிருந்து அழைப்பு மணி அடித்தது. தமயந்தி கையிலிருந்த கோப்புக் கட்டை இறுகப் பிடித்தாள். கூப்பிட்டது டவாலிச் சேவகரைத்தான். மதியத்துக்குள் இன்னும் நான்கு முறை அடித்தது. ஒவ்வொரு முறையும் அவளுக்கு உயிர் போய்த் திரும்பியது.

மாலையில் வாசலில் குரு காத்திருந்தாள்.

"மணி அடித்தபோது எதைப் பார்த்தீர்கள்?"

"என் கையை. நடுங்கியது."

"நான் பதினான்கு கைகளைப் பார்த்தேன்."

தமயந்திக்குப் புரியவில்லை. அந்த அறையில் ஏழு பேர். பக்கத்து மேஜை அருமைநாதன் ஒவ்வொரு மணிக்கும் பேனாவை நழுவவிட்டதையும், தட்டச்சு செய்யும் பெண் கண்களை இறுக மூடிக்கொண்டதையும் குரு சொன்னாள்.

"அவர்களும் பயப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதே."

"நீங்கள் பயப்படுவது அவர்களுக்குத் தெரியுமா?"

தமயந்தி தலைகுனிந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. நடந்ததையெல்லாம் எழுதியிருந்த ராஜினாமாக் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தாள்.

"அப்படியென்றால் இதைக் கொடுக்க வேண்டாமா?"

"கொடுங்கள்," என்றாள் குரு. "முதலில் பக்கத்து மேஜையில்."